சம்பந்தம் உள்ளவள்

முதலில் பார்த்தது நான் என்று சொல்லியிருக்க வேண்டாம். பொய்யில்லை, நிஜம்தான், ஆனாலும் சொல்லியிருக்க வேண்டாம். இனிமேல் என்ன செய்ய, கதவைச் சாத்தியாகிவிட்டது, அந்தப் பக்கம் ஆறு பேர், இந்தப் பக்கம் நான் ஒருத்தி, இந்த வழுக்குகிற ரெக்சின் சோபாவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிவதும் மறுபடி ஏறி உட்காருவதுமாக. பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் வகுப்புக்கு வெளியே நிறுத்தியதில்லை. அறுபதைத் தொடப் போகிற வயதில், ஒரு ஆராய்ச்சி நிலையத்தையே கட்டி மேய்த்தவள், டாக்டர் தையல்நாயகி என்று போர்டு மாட்டிக்கொண்டவள், இங்கே வராந்தாவில். யாரையும் குறை சொல்ல முடியாது, இதுதான் விதி. நாட்டிலேயே பெரிய அறிவியல் விருது என்று நாளைக்குப் பேப்பரில் போடுவார்களே, அதற்கு ஆளைத் தேர்ந்தெடுக்கிற குழு நாங்கள். ஒவ்வொரு பெயராக எடுப்போம். எடுத்ததும் தலைவர் சபேசன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “யாருக்காவது சம்பந்தம் உண்டா?” என்று கேட்பார். சேர்ந்து வேலை செய்தவர், பாடம் எடுத்தவர், உறவுக்காரர், யாராக இருந்தாலும் கையைத் தூக்கி, என்ன சம்பந்தம் என்று ஒரு வரி சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும். அந்தப் பெயரைப் பேசி முடித்த பிறகுதான் திரும்பக் கூப்பிடுவார்கள். மற்ற பெயர்களுக்கெல்லாம் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பர்னபாஸ் என்று அவர் வாசித்ததும் என் கை தானாக மேலே போயிற்று. சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்திருந்தால் முடிந்தது. நான் என்ன சொன்னேன்? அந்தக் கிணறுகளை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அளந்தோம், மீட்டர் முள் ஆடுவதை முதலில் பார்த்தது நான்தான். அதோடு நிறுத்தவா ஆரம்பித்தேன்? அடுத்த வரிதானே முக்கியம். அதற்கு வாயைத் திறந்தபோது சபேசன் கையைக் காட்டிவிட்டார். “போதும் மேடம். சம்பந்தம் இருக்குன்னு தெரிஞ்சா போதும். அதுக்கு மேல நீங்க பேசினா அவருக்குத்தான் ஆபத்து.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொன்னதும் சரிதான். சம்பந்தப்பட்டவர் பரிந்து பேசினால் அந்தப் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று விதியில் இருக்கிறது. எழுந்து வந்துவிட்டேன். கைப்பையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வரி என்னவென்றால், அதைப் பழுது என்று சொன்னவளும் நான்தான். உள்ளே இருக்கிற ஆறு பேருக்கும் அது தெரியாது. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே, அலைச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் மணலுக்கு நடுவே ஒரு கிணறு. கடலுக்கு அத்தனை பக்கம், ஆனால் தண்ணீரை வாயில் வைத்தால் இளநீர்தான். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத்தண்ணீர் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, அது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு ஆழத்துக்கு மிதக்கிறது, எவ்வளவு இறைத்தால் உப்பு மேலே ஏறி ஊரையே கெடுக்கும், அதுதான் யாருக்கும் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் ஆராய்ச்சி மாணவர்கள். ஒரு கம்பியைக் கிணற்றுக்குள் இறக்கி, மேலே ஒரு பெட்டியில் முள் எவ்வளவு உப்பு காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். என்ன வெயில் அது, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தால் புடவையைத் தாண்டிச் சுட்டது, மணல் பறந்து பல்லுக்குள் நறநறவென்று. முள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மெதுவாக ஏறியது, மெதுவாக இறங்கியது. பார்த்தது நான்தான், சந்தேகமே இல்லை. பார்த்துவிட்டு, பெட்டி கெட்டுப்போச்சு பர்னபாஸ், கம்பி எங்கேயோ லூஸ், சுருட்டு, போகலாம் என்றேன். எனக்குப் பசி. அவன் பெட்டியைத் தட்டவில்லை, கம்பியை இழுக்கவில்லை, கழுத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். “பழுது இல்ல தையல். கடலுல்லா தள்ளுது. கடலு ஏறையில ஏறுது, வத்தையில எறங்குது, நீயே பாரேன்.” உளறாதே என்றேன். பஸ் பிடித்துத் திருச்செந்தூருக்குப் போய், ஓட்டலில் கூட்டு, பொரியல், ரசம் எல்லாம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அந்த வருடமே எனக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்தது. அவன் ஊர் ஊராக, கிணறு கிணறாகப் போனான். கடல் ஏறி எவ்வளவு நேரம் கழித்து முள் ஏறுகிறது என்பதை வைத்து, கீழே நல்ல தண்ணீர் எத்தனை தடிமன், அதில் எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்லிவிடலாம், தோண்டிப் பார்க்கவே வேண்டாம், அதைக் கண்டுபிடித்தவன் அவன். கட்டுரையில் என் பெயரையும் போட்டான். நான் கேட்கவே இல்லை. ஏன் போட்டாய் என்று எழுதியதற்கு, நீதான முதல்ல பாத்த என்று பதில் எழுதினான். அந்தப் பாவி அன்றைக்கு அப்படி எழுதாமல் இருந்திருந்தால் எனக்கும் இன்றைக்கு அப்படிச் சொல்லத் தோன்றியிருக்காதோ என்னவோ. பார், இப்போதும் பழியை அவன் தலையில் போடுகிறேன்.

எதிர்ச் சுவரில் இதுவரை விருது வாங்கியவர்களின் படங்கள். எல்லோரும் ஒரே மாதிரி கழுத்தைச் சாய்த்திருக்கிறார்கள், ஒரே ஸ்டூடியோ போலிருக்கிறது. சின்ன வயதில் இந்தப் படங்களைப் பார்த்தபோது இவர்களை யாரோ தராசில் நிறுத்து எடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு தெரிந்தது. காலையில் எடுக்கிற பெயருக்கு நிறைய நேரம் கிடைக்கும், சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கிற பெயருக்குக் கொட்டாவிதான். போன வருடம் மருந்துக்குக் கொடுத்தோம், இந்த வருடம் வேறு எதற்காவது கொடுப்போம் என்பார் ஒருவர். தெற்கேயே கொடுத்துக்கொண்டிருந்தால் பேச்சு வரும் என்பார் இன்னொருவர். அந்தத் துறை தெரிந்தவர் யாராவது இரண்டு வார்த்தை நன்றாகச் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள், ஏனென்றால் வேதியியல்காரருக்கு நட்சத்திரம் தெரியாது, நட்சத்திரக்காரருக்குக் கிணறு தெரியாது. அதனால்தான் குழுவில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு ஆள். மண்ணுக்கும் தண்ணீருக்கும் நான். அந்த ஆளை இப்போது நியாயத்தின் பேரால் வெளியே உட்கார வைத்தாயிற்று. நட்சத்திரம், வேதியியல், கணக்கு, மருந்து எல்லாம் உள்ளே உட்கார்ந்து கிணற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றன. எனக்குச் சிரிப்பு வருகிறது. போன வருடம் நானும்தானே இப்படிப் பேசினேன்? வெளியே போன ஒருவருடைய மாணவியைப் பற்றி, அந்த வேலையில் குருவின் பங்கு எவ்வளவோ என்று ஒரு வார்த்தை சும்மா போட்டுவைத்தேன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன். அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. வேறு காரணமாகவும் இருந்திருக்கும். இருந்திருக்க வேண்டும்.

பாக்கியம் தட்டோடு வெளியே வருகிறாள். இந்தக் கட்டடத்தில் டீ கொடுக்கிறவள். கப்புகளை எட்டிப் பார்க்கிறேன், காலியாக இருந்தால் நிதானமாகப் பேசுகிறார்கள் என்று அர்த்தம், பாதி பாதி இருந்தால் சண்டை, இப்படி ஒரு சாஸ்திரம் நானே செய்து வைத்திருக்கிறேன், விஞ்ஞானியாம் விஞ்ஞானி. எல்லாம் காலி. “உங்களுக்கு ஒரு டீ எடுத்தாரட்டாமா?” வேண்டாம் என்கிறேன். கேட்கக்கூடாதுதான், ஆனாலும் கேட்டுவிட்டேன், உள்ளே காரமாகப் பேசிக்கொள்கிறார்களா என்று. “அதெல்லாம் இல்லம்மா. சிரிச்சிக்கினு கீறாங்க. உங்க பேர்தான் சொல்லிக்கினு இருந்தாரு அந்த ரோஸ் சட்டைக்காரரு.” ரோஸ் சட்டை ரகோத்தமன். வேதியியல். என்மேல் ரொம்ப மரியாதை, எந்தக் கூட்டத்திலும் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்காருவார். என் பெயரை எதற்குச் சொல்கிறார்? பர்னபாஸைப் பற்றிப் பேசுகிற இடத்தில் என் பெயருக்கு என்ன வேலை? மேடம் சேர்ந்து செய்த வேலை என்றால் நல்ல வேலையாகத்தான் இருக்கும் என்று சொல்லியிருப்பார். அப்படித்தான். சிரிக்கிறார்கள் என்றால் நல்லதுதான், மறுக்கப்போகிற பெயரைப் பேசும்போது யார் சிரிப்பார்கள்? இல்லை, சிரிப்பார்கள். போன வருடம் அந்தப் பெண்ணின் பெயரைத் தள்ளும்போது நாங்கள் பாதாம் அல்வாவைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்த மூலையில் தண்ணீர் மிஷின் உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கிறது. நிற்கிறது, கொஞ்சம் கழித்து மறுபடி உர்ர். பர்னபாஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆக்சிஜன் மிஷினுக்கும் இதே சத்தம்தான். போன மாதம் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். மூக்கில் குழாய், காதுக்குப் பின்னால் குழாய் அழுத்தி ஒரு கோடு, நெஞ்சுக்கூடு தனியாகத் தெரிந்தது. நுரையீரல் உள்ளேயே சுருங்கிக்கொண்டு வருகிறதாம். அவன் மனைவி எஸ்தர் என்னை அடுக்களைக்குக் கூட்டிப்போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் சொன்னாள், அடுத்த கிறிஸ்துமஸ் பார்க்கிறது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எனக்கு அந்த நேரத்தில் முதலில் தோன்றியது என்ன தெரியுமா, எஸ்தருக்காக அழக்கூட இல்லை, அடுத்த வருடக் கூட்டத்துக்கு இருக்க மாட்டான் என்று தோன்றியது. உயிரோடு இருப்பவருக்குத்தான் இந்த விருது. இந்த வருடம்தான், இன்றைக்குத்தான், இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான். தன் பெயர் இதில் வந்திருப்பதே அவனுக்குத் தெரியாது. யாரோ ஜப்பான்காரர் அவன் கட்டுரையைத் தேடிப் பிடித்துப் படித்துவிட்டு அனுப்பியிருக்கிறார். சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம், சொல்லவில்லை. சின்னக் கல்லூரியில் பாடம் எடுத்தே காலம் தள்ளியவன். இதே முறையை வெளிநாட்டில் ஒரு கூட்டம் பிறகு கண்டுபிடித்து, அவர்கள் பெயரை வைத்து, அது பாடப்புத்தகத்திலும் வந்து, இவன் அந்தப் பெயரையே கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறான். உனக்குக் கோபமே வராதா என்று கத்தினேன். “தண்ணி ஒழுங்கா இருந்தாச் சரிதான?” என்று சொன்னான், பிறகு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கி, “ஆனா மகன்கிட்ட சொன்னேன். நம்பல. அப்பா சும்மா சொல்லுதாருன்னு நெனைக்கான்” என்றான். அதுதான். அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மகன் நம்ப வேண்டும். செத்துப்போவதற்கு முன்னால் மகன் நம்ப வேண்டும், அவ்வளவுதான். இன்று காலையில்கூடப் பேசினான். குழுவில் நான் இருப்பது அவனுக்குத் தெரியும். “ஏ தையல், இன்னைக்குத்தான மீட்டிங்கு? நல்ல ஆளாப் பாத்துக் குடுங்க. தூங்கிராதீங்க” என்று சொல்லிச் சிரிக்கப் போய் இருமினான், எஸ்தர் போனை வாங்கிக்கொண்டாள்.

கதவைத் தட்டினால் என்ன? நாலு எட்டு வைத்தால் கதவு. தட்டி, தலையை மட்டும் நீட்டி, அந்த அடுத்த வரியை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம். பழுது என்று சொன்னது நான், கடல் என்று சொன்னது அவன். அவ்வளவுதான், மூச்சு விடுகிற நேரம் ஆகுமா? ஆனால் சொன்னால் பரிந்து பேசியதாகிவிடும். சபேசன் நல்லவர், விதியில் நூல் பிசகாதவர், வருத்தப்பட்டுக்கொண்டே பெயரை எடுத்துவிடுவார். நானே அவன் கழுத்தை நெரித்ததாக ஆகும். சும்மா இருந்தாலோ? பாதி வரிதான் அவர்களிடம் இருக்கிறது. முதலில் பார்த்தது மேடம். அதை வைத்துக்கொண்டு என்னென்ன நினைப்பார்கள்? இந்த விருது ஒருவருக்குத்தான், இரண்டு பேர் சேர்ந்து கண்டுபிடித்ததென்றால் ஒருவருக்கு மட்டும் கொடுக்கக்கூடாது. குழுவில் இருப்பவருக்குக் கொடுக்க முடியாது. ஐயோ. இல்லை, அந்த அளவுக்குப் போக மாட்டார்கள். படித்தவர்கள். கட்டுரை கையில் இருக்கிறது, முதல் பெயர் அவன் பெயர்தானே, அதற்குப் பிறகு அவன் தனியாக எழுதியவை எத்தனை இருக்கின்றன. அவன் பெயர் வந்ததோ சாப்பாட்டுக்குப் பிறகு, அதையெல்லாம் யார் புரட்டுவார்கள்? ஏன் அந்தப் பாதியில் ஆரம்பித்தேன்? சொல்ல வேண்டியது இரண்டு வரி என்றால் மற்ற வரியில் ஆரம்பித்திருக்கலாமே. கடல் என்று சொன்னது அவன், பழுது என்று சொன்னது நான், இப்படி. வாய்க்கு வந்ததே, ஏன் அது முதலில் வந்தது? என்னைப் பற்றிய வரி என்பதால் வந்தது. வேறு ஒன்றும் இல்லை. இத்தனை வருடம் எனக்குள்ளே அது உட்கார்ந்திருந்திருக்கிறது, முதலில் பார்த்தது நான், முதலில் பார்த்தது நான் என்று, குழந்தை மிட்டாயைக் கைக்குள் வைத்துக்கொண்டே தூங்குகிற மாதிரி. அந்த ஆறு பேர் முன்னால் ஒரு நொடி கையைத் திறந்து காட்ட ஆசைப்பட்டிருக்கிறேன். சீ. எத்தனை பட்டம், எத்தனை பொன்னாடை, போதவில்லையா உனக்கு? தண்ணீர் மிஷின் நின்றுவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஓடு, ஓடித்தொலை. உர்ர். சரி.

கதவு திறக்கிறது. ரகோத்தமன்தான். முகமெல்லாம் சிரிப்பு. என் கால் மரத்துப்போயிருந்தது, எழுந்திருக்கையில் சோபாவைப் பிடித்துக்கொண்டேன், அவர் ஓடிவந்து கையைக் கொடுத்தார். கொடுத்துவிட்டார்கள், அவனுக்குத்தான், இல்லையென்றால் இப்படிச் சிரிப்பாரா, எஸ்தருக்கு முதலில் சொல்ல வேண்டும், இல்லை, மகனுக்கு, அந்த மகனை நான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ரகோத்தமன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “மேடம், முதல்ல எல்லாரும் சரின்னுதான் சொன்னா. நான்தான் விடலை. மேடம் பாத்ததுக்கு அவருக்கு மட்டும் எப்படிக் கொடுக்கறதுன்னு கேட்டேன். நீங்க வெளியில வாயத் திறக்காம உட்கார்ந்திருக்கீங்க, உங்களுக்கு அநியாயம் பண்ண எங்களுக்கு மனசு வரலை. உங்களுக்கும் கொடுக்க முடியாது, குழுவில இருக்கீங்க. அதனால அந்தப் பேரை லிஸ்ட்லேர்ந்தே எடுத்துட்டோம். எல்லாரும் ஒத்துண்டுட்டா.” என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றிக்குக் காத்திருக்கிறார் என்று புரிந்தது. ரொம்ப நன்றி என்றேன். சொன்னேன், என் வாயால்தான் சொன்னேன், பழக்கம்.

உள்ளே எனக்கென்று ஒரு தட்டில் இரண்டு போண்டாவைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்ற மாதிரி இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. உட்கார்ந்தேன். பர்னபாஸின் கட்டுரைகள் ஏற்கெனவே ஓரத்துக்குப் போய்விட்டன, அதன் மேல் யாரோ டம்ளரை வைத்திருந்தார்கள். “பழுதுன்னு சொன்னது நான்” என்றேன். சத்தமாகத்தான் வந்தது. “கடல்னு சொன்னது அவன். நான் பாத்துட்டுச் சாப்பிடப் போயிட்டேன். அவன்தான் உட்கார்ந்தான். எல்லாம் அவன்தான்.” சபேசன் என்னைப் பரிவாகப் பார்த்தார். ரகோத்தமன் மற்றவர்கள் பக்கம் திரும்பி, “பாத்தேளா, நான் சொன்னேனோ இல்லையோ? இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்?” என்றார். இரண்டு பேர் மேஜையை மெதுவாகத் தட்டிப் பாராட்டினார்கள். சபேசன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார், அடுத்த பெயரை வாசித்தார், யாருக்காவது சம்பந்தம் உண்டா என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு யாரோடும் சம்பந்தம் இல்லை என்று தலையை ஆட்டினேன்.